எட்டாம் மாதத்து நாய்

நாயை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்ற பேச்சு ஒரு வீட்டில் எப்போது வரும்? குட்டியாக இருந்து ராத்திரியெல்லாம் முனகித் தூக்கத்தைக் கெடுத்தபோது வராது. அப்போது அதன் முகத்தைப் பார்த்தாலே கோபம் போய்விடும். வயதாகிக் கண் மங்கித் திண்ணை ஓரம் படுத்துக் கிடக்கும்போதும் அநேகமாக வராது. ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் நடுவில், உடம்பு முழு நாயாகவும் புத்தி பாதிக் குட்டியாகவும் இருக்கும் காலத்தில்தான் வரும். போன மாதம் வரை கூப்பிட்டதும் ஓடி வந்த நாய், இப்போது திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வழியில் போகிறது. சங்கிலியை இழுக்கிறது, செருப்பைக் கிழிக்கிறது, விருந்தாளி மேல் பாய்கிறது. இது உருப்படாத நாய் என்று வீடு தீர்ப்பெழுதிவிடுகிறது. விசாரணை பாதியில் இருக்கும்போதே எழுதப்பட்ட தீர்ப்பு அது.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது காரக்கோணம். டாக்டர் சோமர்வெல் பெயரிலான மருத்துவக் கல்லூரியால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஊர். கல்லூரிச் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் ரப்பரும் மரச்சீனியும் வாழையும்தான். பாறசாலை வரைக்கும் இந்தப் பக்கத்து வீடுகள் வரிசையாகத் தெருவில் நிற்பவை அல்ல. ஒவ்வொன்றும் தன் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், தனித்து நிற்கும். பக்கத்து வீட்டு வெளிச்சம் ரப்பர் மரங்களுக்கு அப்பால் தெரியும். இப்படிப்பட்ட ஊரில் நாய் என்பது அலங்காரத்துக்கு வளர்ப்பது கிடையாது. அது காவல். அதனால்தான் நாயின் இளமைக் காலம் இங்கே கூடுதல் தலைவலி.

விடிவதற்கு முன்னே ரப்பர் மரத்தைக் கீறும் பால்வெட்டுக்காரர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விளைக்குள் வருவார். எட்டு மாத நாய் கூட்டையே பெயர்த்துவிடுவதுபோலக் குதிக்கும். "அண்ணே, அங்கனயே நில்லுங்க, கொண்டி சரியா விழுந்திருக்கான்னு பாத்திட்டு வாறேன்" என்று வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்துகொண்டே சொல்வார். "தெனமும் என்னைப் பாக்கான், தெனமும் புது ஆளைப் போலக் கொரைக்கான். இவனுக்கு நான் என்னைக்குத்தான் தெரிஞ்ச ஆளு ஆவேன், தங்கச்சி?" என்பார் அவர். பகலில் அவிழ்த்துவிட்டால் வேறு கூத்து. சிரட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைப் பிய்த்து மெல்லும். கொடியில் உலரப் போட்ட ரப்பர் ஷீட்டின் ஒரு முனையைக் கவ்விக்கொண்டு முற்றம் முழுக்க ஓடும். ஷீட் என்பது காசு. சிரித்துக்கொண்டு விட்டுவிட முடியாது. அடி விழும். மறுநாளிலிருந்து பகலெல்லாம் கூடுதான்.

இதே நாய் மூன்று வயதில் அந்தக் காலடிச் சத்தத்துக்குத் தலையை மட்டும் தூக்கும். வெட்டுக்காரர்தான் என்று தெரிந்ததும் மறுபடி சுருண்டு படுத்துக்கொள்ளும். தெரியாத ஆள் வந்தால் மட்டும் எழுந்து குரைக்கும். இந்த மாற்றம் எல்லா நாய்க்கும் வருமா, வயது வந்தால் தானாக வந்துவிடுமா? பாதி தானாக வரும். மறுபாதி நாம் அந்த நடுக்காலத்தில் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தது. கடந்த சில வருடங்களில் வந்த ஆய்வுகள் இந்த இரண்டு பாதிகளையும் ஓரளவு பிரித்துக் காட்டியிருக்கின்றன.

உடம்பிலிருந்து தொடங்குவோம். குட்டிக்கு 28 பால் பற்கள். நான்காம் மாத வாக்கில் அவை விழத் தொடங்கும். ஏழாம் மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் முளைத்துவிடும். ஈறு குறுகுறுக்கும் அந்த மாதங்களில் கண்டதைக் கடிப்பது இயல்பு. பல் முளைத்து முடிந்தால் கடிப்பது நின்றுவிடும் என்று நம்பியிருப்பவர்களுக்குத்தான் ஏமாற்றம். தாடை பலப்பட்டிருக்கும், எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் பழக்கம் போயிருக்காது. அதனால் ஏழாம் மாதத்தில் சேதம் குறைவதற்குப் பதில் கூடும்.

அதே சமயத்தில் பருவமும் எட்டுகிறது. பெண் நாய் பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள் முதல் சினைப்பருவத்துக்கு வரும். பெரிய இனங்களில் இன்னும் தள்ளிப் போகும். ஆண் நாய் காலைத் தூக்கி எல்லை குறிக்கத் தொடங்கும், வேலியைத் தாண்டும், மூன்று விளைக்கு அப்பால் இருக்கும் பெண் நாயின் வாசனைக்குச் சாப்பாட்டை மறக்கும். இங்கே ஒரு கால இடைவெளியைக் கவனிக்க வேண்டும். குட்டி ஈன உடம்பு தயாராவது ஒன்று; நடத்தை முதிர்வது வேறு. இரண்டாவது முதலாவதைவிட ஒரு வருடம்கூடப் பின்தங்கி வரும். ஆளும் இல்லாத, குட்டியும் இல்லாத அந்த இடைக்காலத்துக்கு இனிமேல் விடலைப் பருவம் என்றே பெயர் வைத்துக்கொள்வோம். மனித வீடுகளில் பதினான்கு வயதுப் பையன் இருக்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

நாய்க்கும் அப்படி ஒரு பருவம் இருக்கிறதா, அல்லது வளர்ப்பவர்களின் புலம்பல் மட்டும்தானா என்று இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷரும் அவருடைய குழுவினரும் சோதித்தார்கள். 2020இல் 'பயாலஜி லெட்டர்ஸ்' இதழில் வந்த ஆய்வு அது. பார்வையற்றோருக்கு வழிகாட்டப் பயிற்சி பெறும் லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் வகைகளையும் அவற்றின் கலப்புகளையும் சேர்ந்த 69 நாய்களை எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாம் மாதத்தில் ஒருமுறை, எட்டாம் மாதத்தில் ஒருமுறை, 'உட்கார்' என்ற அதே ஒற்றைக் கட்டளை. ஐந்து மாதத்தில் ஒழுங்காக உட்கார்ந்த நாய்கள், எட்டு மாதத்தில் தங்களை வளர்ப்பவர் சொன்னபோது உட்காரத் தாமதித்தன, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தன. இதுவரை சொன்னது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே நாய்களிடம் அதே வயதில் அறிமுகமில்லாத ஒருவர் அதே கட்டளையைக் கொடுத்தபோதுதான் ஆய்வின் சுவை வெளியே வந்தது. அன்னியரின் சொல்லுக்கு அவை கீழ்ப்படிந்தன. குட்டியாக இருந்தபோது கீழ்ப்படிந்ததைவிட நன்றாகவே.

ஆகவே எட்டாம் மாதத்தில் நாய் கற்றதை மறந்துவிடுவதில்லை. காதும் மந்தமாவதில்லை. யார் மீது அதிகப் பற்று வைத்திருக்கிறதோ அவரிடம்தான் முரண்டு பிடிக்கிறது. 285 நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடமும், அவ்வளவு நெருக்கம் இல்லாத பயிற்சியாளர்களிடமும் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டபோதும் இதே பிளவு தெரிந்தது. ஐந்தாம் மாதத்தையும் பன்னிரண்டாம் மாதத்தையும்விட விடலைக் காலத்தில் நாய் சொல் கேட்கவில்லை என்றார்கள் வளர்ப்பவர்கள். பயிற்சியாளர்களோ முன்னேற்றம் தெரிகிறது என்றார்கள். இன்னொன்றும் தெரிந்தது: வளர்ப்பவரோடு உறவு நிலையாக இல்லாத, அவர் அகன்றால் பதறும் பெண் நாய்கள் முன்னதாகவே பருவமடைந்தன, முரண்டும் அவற்றிடம் கூடுதலாக இருந்தது. வீட்டுச் சூழல் உடம்பின் கடிகாரத்தையே தொடுகிறது என்பதற்கு மனிதர்களிடம் ஏற்கெனவே தெரிந்த உதாரணங்கள் உண்டு. நாயிடமும் அதன் சாயல் இருப்பது இங்கே தெரியவந்தது.

எல்லை ஊர்களில் ஒரு வேடிக்கை உண்டு. நாட்டு நாயைத் தமிழிலோ மலையாளத்திலோ அதட்டுவார்கள். லேப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் மட்டும் 'சிட்', 'கம்', 'நோ' என்று ஆங்கிலம். எட்டு மாதத்தில் மூன்று மொழிக்கும் ஒரே மரியாதைதான்.

மூளைக்குள் நடப்பது என்ன? பாலூட்டிகளின் மூளையில் ஆசையையும் அச்சத்தையும் கிளப்பும் பகுதிகள் முன்னதாகவே வேலைக்குத் தயாராகிவிடும். பொறு, யோசி என்று பிடித்து நிறுத்தும் முன்மூளைப் புறணி கடைசியாகத்தான் முதிரும். அதுவரை நரம்பிணைப்புகளில் பயன்படாதவை வெட்டப்பட்டுக்கொண்டும், பயன்படுபவை பலப்பட்டுக்கொண்டும் இருக்கும். நாயிடம் இந்த 'பிடித்து நிறுத்தும்' திறனை அளக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. இரண்டு முனையும் திறந்த ஓர் உருளைக்குள் தின்பண்டத்தை வைப்பார்கள். முதலில் உள்ளே இருப்பது தெரியாத உருளை. நாய் பக்கவாட்டில் சுற்றிப் போய் முனை வழியே எடுக்கக் கற்றுக்கொள்ளும். பிறகு கண்ணாடிபோல் தெரியும் உருளையை வைப்பார்கள். தீனி கண்ணுக்கு நேரே தெரிகிறது. பொறுமையில்லாத நாய் நேராகப் போய் மூக்கை இடித்துக்கொள்ளும். பொறுத்துப் போகத் தெரிந்த நாய், தீனியை விட்டுக் கண்ணை எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி முனைக்குப் போகும்.

எமிலி பிரே என்ற ஆய்வாளரும் சகாக்களும் அமெரிக்காவில், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பயிற்றுவிக்கப்படும் 160 நாய்களை ஒன்பது வார வயதில் ஒருமுறையும், இரண்டு வயதை நெருங்கும்போது மறுமுறையும் சோதித்தார்கள். 2021இல் வந்த அந்த ஆய்வில், வளர்ந்த பிறகு மூக்கை இடித்துக்கொள்வது குறைந்திருந்தது. மனித முகத்தை நிமிர்ந்து பார்ப்பது கூடியிருந்தது. நம் முற்றத்தில் ஷீட்டை இழுக்கும் நாய்க்கும் கண்ணாடி உருளையில் மூக்கை இடிக்கும் நாய்க்கும் நோய் ஒன்றே. ஷீட் அசைகிறது, வாய் போகிறது. நடுவில் வந்து தடுக்க வேண்டிய மூளைப்பகுதி இன்னும் கட்டி முடியவில்லை. முகத்தை நிமிர்ந்து பார்ப்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். நாயோடு வாழ்வது சுலபமாவதே அங்கேதான். ஓர் ஆள் கேட்டைத் திறந்தவுடன் பாய்கிற நாய்க்கும், பாய்வதற்கு முன் வீட்டுக்காரரின் முகத்தை ஒருமுறை பார்க்கிற நாய்க்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஒரு கணம்தான். அந்தக் கணம் கிடைத்தால் போதும், ஒரு சொல்லில் நிறுத்திவிடலாம்.

வியன்னாவில் பார்டர் காலி இன நாய்களை ஆறு மாதக் குட்டி முதல் பதினைந்து வயதுக் கிழடு வரை 217 எண்ணிக்கையில் சோதித்தார்கள். அவற்றில் சிலவற்றை நான்கு வருடம் கழித்து மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார்கள். 2020இல் வெளிவந்த முடிவுகளில் நமக்கு வேண்டியது இது: துறுதுறுப்பும் தன் இஷ்டத்துக்குத் திரியும் போக்கும் வயதோடு தெளிவாகக் குறைகின்றன. புதியதைக் கண்டால் ஆவலாக ஓடுவது மூன்று வயது வரை அப்படியே இருந்து, பிறகு இறங்குகிறது. ஒரு சிக்கலை விடாமல் முயன்று தீர்க்கும் குணம் ஆறு வயது வரை ஏறுகிறது. மனிதரோடு பழகும் தன்மையும் ஏமாற்றத்தைத் தாங்கும் தன்மையும் அதிகம் மாறவில்லை. வயது எல்லாக் குணங்களையும் ஒன்றாகப் பழுக்க வைப்பதில்லை என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். துள்ளல் அடங்கும், ஆனால் ஆளைக் கண்டால் ஒதுங்கும் நாய் பெரும்பாலும் ஒதுங்கும் நாயாகவே இருக்கும்.

அதே வியன்னாக் குழு இதற்கு முன், 2014இல், கவனத்தைப் பற்றி ஓர் ஆய்வு செய்திருந்தது. கண்ணோடு கண் பார்த்தால் தீனி என்ற பயிற்சியில், ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் இருந்த நாய்கள்தான் வேகமாக முன்னேறின. சொல் கேட்காத அதே வயதுதான் கற்றுக்கொள்ள ஏற்ற வயதும்கூட. இதைத் தெரிந்துகொண்டால் அந்த மாதங்களில் நாயைக் கூட்டில் போட்டுப் பூட்டுவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது விளங்கும்.

நாயின் ஒரு வயது மனிதனின் ஏழு வயதுக்குச் சமம் என்ற கணக்கை இந்த இடத்தில் மறந்துவிடுவது நல்லது. ஏழு வயதுக் குழந்தைக்குப் பிள்ளை பிறக்காது; ஒரு வயது நாய்க்குப் பிறக்கும். கலிஃபோர்னியாவில் ட்ரே ஐடெக்கர் குழுவினர் 104 லேப்ரடார்களின் டி.என்.ஏ.வில் வயதோடு ஒட்டிக்கொள்ளும் ரசாயனக் குறிகளை மனிதர்களுடையதோடு ஒப்பிட்டு, 2020இல் வேறொரு வாய்பாடு சொன்னார்கள். அதன்படி நாயின் முதல் வருடம் புயல் வேகத்தில் ஓடுகிறது. ஒரு வயது லேப்ரடாரின் செல்கள் மனிதனின் 30 வயதை ஒத்திருக்கின்றன. நான்கு வயதில் அது ஐம்பதைத் தாண்டும். பிறகு வேகம் குறைகிறது. இது செல்களின் கணக்கு, நடத்தையின் கணக்கு அல்ல. முப்பது வயது உடம்புக்குள் பதினைந்து வயதுப் புத்தி என்பதுதான் ஒரு வயது நாயின் உண்மையான நிலை.

இனி, தானாக வராத மறுபாதி.

அது பருவத்துக்கு வெகு முன்னே, மூன்றாம் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் உள்ள பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பல வருடங்கள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து, 1965இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கிறது. அந்தக் காலத்தில் எதையெல்லாம் யாரையெல்லாம் கண்டு பழகுகிறதோ அதெல்லாம் 'நம்முடையது' ஆகிறது என்பது அவர்கள் முடிவு. அதே ஆய்வகத்தில் ஒரு குட்டிக் கூட்டத்தை மனித வாடையே படாமல் வேலி போட்ட வயலில் பதினான்கு வாரம் வளர்த்தபோது, அவை காட்டு விலங்குபோல ஆகிவிட்டன. அதன் பிறகு பழக்குவது ஏறக்குறைய முடியவில்லை. ஓநாய்க் குட்டிக்கு இந்தச் சன்னல் இன்னும் முன்னதாகத் திறந்து முன்னதாக மூடும். ஓநாய்க் குட்டி கண்ணும் காதும் திறக்காத இரண்டாம் வாரத்திலேயே தவழ்ந்து மோப்பம் பிடித்து உலகை அறியத் தொடங்கிவிடுகிறது. நாய்க் குட்டி எல்லாப் புலன்களும் திறந்த பிறகு நான்காம் வாரத்தில்தான் தொடங்குகிறது. மனிதனோடு நாய் ஒட்டிக்கொள்வதற்கு இந்த இரண்டு வாரத் தாமதம் பெரிய உதவி.

எல்லை ஊர்களில் குட்டி வாங்குவது பெரும்பாலும் நாற்பது, நாற்பத்தைந்து நாளில். அப்புறம் தடுப்பூசி முடியும் வரை வெளியே விடாதே என்ற அறிவுரை. தொற்று நோய்க்குப் பயந்து சொல்வதால் அது நியாயமான அறிவுரைதான். ஆனால் வீட்டுக்குள் பொத்தி வைத்த குட்டி வெளியே வரும்போது சன்னல் பாதி மூடியிருக்கும். ஹெல்மெட் போட்ட ஆளையும், குடை பிடித்தவரையும், மீன் கூடை சுமந்து வரும் பெண்ணையும், தலைவிளக்கோடு வரும் வெட்டுக்காரரையும் அது பார்த்தே இருக்காது. மண்ணில் இறக்கிவிடாமல் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சாலை முக்கு வரைக்கும் போய் வருவது எவ்வளவோ மேல். பால்வெட்டுக்காரர் அண்ணன் கையால் ஒரு துண்டு அவித்த மீனைக் குட்டிக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தால், எட்டாம் மாதத்து அதிகாலைகள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இந்தியத் தெருநாய்களைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. நாட்டு நாய்க்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை, அது எவ்வளவு அடக்கமாக இருக்கிறது பாருங்கள் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா நடத்தும் நாய் ஆய்வகம் இந்தக் கேள்வியில் உலகத்துக்கே முன்னோடி. அவருடைய மாணவர் தேபோத்தம் பட்டாச்சார்ஜியும் குழுவினரும் 2017இல், தீனி எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டினால் தெருநாய்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். குட்டிகள் தயங்காமல் காட்டிய பக்கம் போயின. விடலை நாய்கள் தடுமாறின. வளர்ந்த நாய்களோ ஆளை எடை போட்டன: சரியாகக் காட்டியவரை அடுத்த முறையும் நம்பின, ஏமாற்றியவரை நம்பக் கூச்சப்பட்டன. குட்டியிடம் இருப்பது வெகுளித்தனம். பெரிய நாயிடம் இருப்பது அனுபவம். நடுவில் இருக்கும் குழப்பம் கொல்கத்தாத் தெருவிலும் நியூகாசில் வீட்டிலும் ஒன்றாகவே இருக்கிறது. இந்தக் குழுவின் இன்னொரு சோதனையில், திரும்பத் திரும்ப வரும் அன்னியரிடம் தெருநாய்கள் தீனியைவிடத் தலை தடவலுக்கு அதிகம் மசிந்தன.

ஆனால் 'தெருநாய் தானாகவே அடங்கிவிடும்' என்ற வாதத்தை இதே ஆய்வகத்தின் இன்னொரு கணக்கு உடைக்கிறது. மானபி பாலும் சகாக்களும் 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் எழுதினார்கள். ஏழாம் மாதத்தை எட்டியவை 19 சதவீதம் மட்டுமே. சாவுகளில் 63 சதவீதம் ஏதோ ஒரு வகையில் மனிதர்களால் வந்தது: வண்டி, அடி, விஷம், தூக்கிப் போவது. பேருந்து நிறுத்தத்தில் சாது போலப் படுத்திருக்கும் ஐந்து வயது நாய், ஐந்தில் ஒன்றாகத் தப்பிப் பிழைத்தது. வண்டி முன் பாய்ந்ததும், எல்லோரையும் நம்பியதும், எல்லோரையும் கடித்ததும் நம் கண்ணில் படுவதில்லை. அவை உயிரோடு இல்லை. முதிர்ச்சி என்று நாம் பாராட்டுவதில் ஒரு பங்கு, மிஞ்சியவற்றை மட்டும் எண்ணும் கணக்கு.

இருந்தாலும் தெருவின் விடலை நாய்க்குக் கிடைக்கும் ஒன்று கூட்டுக்குள் இருக்கும் நாய்க்குக் கிடைப்பதில்லை. அதற்கு ஓட இடம் இருக்கிறது, உறுமித் திருத்தும் மூத்த நாய்கள் இருக்கின்றன, நாள் முழுக்கப் பார்த்துப் பழக ஆட்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்து வழக்கமோ பகலெல்லாம் கூடு, ராத்திரி மட்டும் அவிழ்ப்பு. பகலில் கட்டினால்தான் நாய்க்குச் சூரம் வரும் என்று பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி வருவது வீரம் இல்லை. ஆட்களைக் கம்பி வழியாக மட்டுமே பார்த்து, ஒவ்வொரு முறையும் குரைத்து, ஒவ்வொரு முறையும் அந்த ஆள் போய்விடுவதைப் பார்த்து, 'குரைத்தால் போவார்கள்' என்று மூளை பாடம் படித்துவிடுகிறது. நரம்பிணைப்புகள் வெட்டப்பட்டும் பலப்பட்டும் கொண்டிருக்கும் அதே மாதங்களில் படித்த பாடம் அது. மூன்று வயதில் அந்த நாய் வெட்டுக்காரரைக் கண்டு தலையை மட்டும் தூக்காது.

அடியும் அதே வேலையைச் செய்கிறது. போர்ச்சுகலில் பயிற்சிப் பள்ளிகளுக்குப் போகும் 92 வீட்டு நாய்களை ஆராய்ந்து 2020இல் எழுதினார்கள். அடி, சங்கிலி இழுப்பு, அதட்டல் ஆகியவற்றைக் கொண்டு பயிற்றப்பட்ட நாய்கள் பயிற்சியின்போது வாயை நக்குவதும் கொட்டாவி விடுவதும் உடம்பைக் குறுக்குவதுமாக இருந்தன. எச்சிலில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் ஏறியிருந்தது. தீனி கொடுத்துப் பயிற்றிய நாய்களிடம் அது இல்லை. ஷீட்டை இழுத்த நாயை அடித்தால் அது ஷீட்டை விடாது. ஆள் இல்லாதபோது இழுக்கக் கற்றுக்கொள்ளும். கொடியை இரண்டு அடி உயர்த்திக் கட்டுவது மலிவு. ஒட்டுப்பாலுக்குப் பதில் கடிக்க ஒரு மாட்டெலும்பு போடுவதும் மலிவு.

குடும்பக்கட்டுப்பாடு செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. பாதிக்குப் பாதி. ஆண் நாயின் ஊர் சுற்றல், எல்லை குறிப்பது, பெண் நாய்க்காகப் போடும் சண்டை ஆகியவை குறையும். சிறு பருவத்து அச்சத்தாலோ கட்டிப்போட்டதாலோ வந்த கடிக்கு அறுவை சிகிச்சை மருந்தாகாது. குட்டிகள் சாலையோரம் குவியாமல் இருப்பதற்கு அதைச் செய்யத்தான் வேண்டும். நடத்தையைத் திருத்தும் என்று எதிர்பார்த்துச் செய்தால் ஏமாற்றம்.

வயது தீர்க்காத சிலவற்றையும் சொல்லிவிட வேண்டும். நாய்களின் குணம் எவ்வளவு நிலையானது என்பதைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013இல் வந்த ஒரு தொகுப்பு, குட்டியின் குணத்தை வைத்து வளர்ந்த நாயைக் கணிப்பது பொதுவாகக் கஷ்டம், ஆனால் மூர்க்கம் மற்ற குணங்களைவிட நிலைத்து நிற்கும் என்று காட்டியது. தட்டின் அருகே போனால் உறுமுவது, குழந்தையைக் கண்டால் உடம்பை விறைப்பது, தெரியாத ஆளைப் பார்த்து மூலையில் ஒடுங்குவது: இவை துள்ளல் கணக்கில் சேராது. 'வயசானா சரியாயிடும்' என்று விட்டால் ஒன்றரை, இரண்டு வயதில் முழுப் பலத்தோடு வெளிவரும். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டிய நேரம் முதல் உறுமலிலேயே.

மற்றபடி, விடலைப் பருவத்தின் அந்தப் பத்துப் பன்னிரண்டு மாதங்களைத் தாண்டச் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு போவது. பாய்ந்தால் திரும்பி நின்றுகொண்டு, நாலு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் பேசுவது. கூப்பிட்டால் வந்ததற்கு ஏதாவது கொடுப்பது, வந்தவுடன் கூட்டில் அடைக்காமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறோம். கூப்பிட்டதும் வந்தால் கூடு என்று நாய் ஒரு வாரத்தில் புரிந்துகொள்ளும். பிறகு அது வராதது முரண்டு அல்ல, புத்திசாலித்தனம்.

சட்டமும் இந்த வயது நாய்களுக்காகவே எழுதியதுபோல இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வழக்கமாகக் கட்டிப்போட்டோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடத்திக்கொண்டு போகாமல் இருப்பதைத் தனியாக ஒரு குற்றமாகவே சொல்கிறது. பட்டினியால் வாடும்படி கைவிடுவதும் அதே பிரிவில் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. கேரள ஊராட்சிகளில் நாய் வளர்க்க உரிமம் வேண்டும் என்று 1998 முதல் விதியும் இருக்கிறது. இரவில் ஆட்டோவில் ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு வருகிறவர்களை இவை எதுவும் தடுக்கப் போவதில்லை. அமெரிக்கக் காப்பகங்களில் 1990களில் எடுத்த கணக்கிலும், கொண்டுவந்து விடப்பட்ட நாய்களில் கிட்டத்தட்ட பாதி ஐந்து மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்டவையே. எங்கும் அதே வயது, அதே முடிவு.

உங்கள் வீட்டு நாய்க்கு இப்போது எட்டு மாதம் என்றால், வெறிநோய்த் தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள், ஊராட்சியில் உரிமம் எடுத்துவிடுங்கள், கொடியை உயர்த்திக் கட்டுங்கள். வெட்டுக்காரர் அண்ணன் கையில் தினமும் ஒரு துண்டு பிஸ்கட்டைக் கொடுத்து, அதை அவரே நாய்க்குப் போடச் சொல்லுங்கள். நாயை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா என்ற பேச்சை அதற்கு இரண்டு வயது முடிந்த பிறகு எடுங்கள்.